கிரியேட்டினா, கோப்பியா, மீனா?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ஜிம்முக்குப் போகும் பொடியள் பலர், தசைக்குப் பலம் தரும் என்று விற்கப்படும் கிரியேட்டின் மாவை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். என்ன விளையாட்டு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முழு வேகத்தில் பாயும்போது முதல் பத்து விநாடிக்குள் தசையில் செலவாகும் ஏடிபியை, அதாவது தசை நேரடியாகப் பயன்படுத்தும் சக்தியை, உடனுக்குடன் நிரப்புவது பொஸ்போகிரியேட்டின் எனும் சேமிப்புக் கிரியேட்டின். அந்தக் கையிருப்பைக் கூட்டுவதுதான் இந்த மாவின் வேலை. ஒரேயொரு 100 மீற்றர் ஓட்டத்தில் வித்தியாசம் சிறிதுதான். கபடி பாடிப் போய்த் திரும்பி, மூச்சு வாங்கி, மறுபடி பாய்கிறவருக்கும், கரப்பந்தில் திரும்பத் திரும்ப எம்பி அடிக்கிறவருக்கும் நல்ல பலன் உண்டு. 5,000 மீற்றர் ஓடுபவருக்கோ உடம்பில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர்ப் பாரம்தான் மிச்சம்.

கோப்பி வேறு வழி. அதிலுள்ள கஃபீன் மூளையில் களைப்பைத் தள்ளிவைக்கும். ஒரு மணிநேரத்துக்குள் தெரியும். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம் வேண்டும். ஒரு பிளேன்ரீ அதற்குக் காணாது. பின்னேரப் போட்டிக்குக் குடித்தால் இரவு நித்திரையும் கெடும். கிரியேட்டினில் அந்த அவசரம் இல்லை: நாளுக்கு 3 முதல் 5 கிராம், மூன்று நான்கு கிழமையில் தசை நிரம்பிவிடும்.

மீன்? முல்லைத்தீவுச் சூரையில் கிலோவுக்குச் சுமார் 4 கிராம் கிரியேட்டின் இருக்கும், சமைத்தால் கொஞ்சம் குறையும். நாள்தோறும் ஒரு கிலோ மீன் யாரால் சாப்பிட முடியும்? மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்குக் கையிருப்பே குறைவு என்பதால் மாவில் அவர்களுக்குப் பலன் கூட.

என் தெரிவு சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட். விலை கூடிய மற்ற வகைகள் அதைவிடத் திறம் என்று நிரூபிக்கப்படவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். அவர்களுக்குச் சாப்பாடும் பயிற்சியும் போதும்.

ஆனால் வன்னியில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் இருக்கிறது. அது முற்றும்வரை பலருக்குத் தெரிவதில்லை. கிரியேட்டின் நல்ல சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே பழுதானதென்றால் அந்த உறுதியைத் தர முடியாது. எனவே டப்பா திறக்க முன்னர் இரத்தத்தில் கிரியேட்டினைன் (creatinine) அளவைப் பார்த்துவிடுங்கள்; இது கிரியேட்டின் அல்ல, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. மா எடுக்கத் தொடங்கியபின் சிறுநீரகத்தில் பழுதில்லாமலே அந்த எண் சற்று ஏறலாம், ஆகவே அடுத்தமுறை சோதிக்கும்போது வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.