மேசை ஃப்ரையரா, தரை ஃப்ரையரா?

உணவகத்துக்கு மின்சார ஃப்ரையர், அதாவது எண்ணெயில் பொரிக்கும் இயந்திரம், வாங்கக் கிளம்பும் பலரும் கடைசியில் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். ஒன்று மேசைமேல் வைக்கிற இரட்டைத் தொட்டி: தொட்டிக்கு 8 லிட்டர், தொட்டிக்கு 3 கிலோவாட். இன்னொன்று தரையில் நிற்கிற ஒற்றைத் தொட்டி: 16 லிட்டர், 9 கிலோவாட். எண்ணெய்க் கணக்கில் இரண்டும் சமம். விலையில் மேசை ஃப்ரையர் இறங்கி நிற்கும். அதனால் கை அங்கேதான் போகும். கொஞ்சம் பொறுங்கள்.

உறைந்த உருளைக்கிழங்குத் துண்டுகள் ஒரு கிலோவை 180 டிகிரியில் காய்ந்த எண்ணெயில் இறக்கிப் பாருங்கள். முதலில் ஒரே ஆரவாரம். அரை நிமிடத்தில் சத்தம் அடங்கி, குமிழி சோம்பலாகி, எண்ணெய் ஏதோ யோசிப்பதுபோல் நிற்கும். 8 லிட்டர் தொட்டியில் அதற்குள் சூடு 30 டிகிரிக்குக் குறையாமல் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் துண்டுகள் பொரிவதில்லை, வேகின்றன. கூடவே எண்ணெயையும் குடிக்கின்றன. 16 லிட்டரில் அதே ஒரு கிலோவைப் போட்டால் இறக்கம் அதில் பாதிகூட இருக்காது. எண்ணெய் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அடியில் மூன்று மடங்கு வாட் வேலை செய்கிறது.

இதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உறைந்த துண்டுகளை உருக்கி, சூடாக்கி, உள்ளிருக்கும் நீரில் பாதியை ஆவியாக்க ஏறத்தாழ 1,400 கிலோஜூல் வேண்டும். 3 கிலோவாட் என்பது நொடிக்கு 3 கிலோஜூல். ஆக ஒரு கிலோவுக்கு 8 நிமிடம், மணிக்கு ஏழரைக் கிலோ. இரண்டு தொட்டியும் சேர்ந்து 15. தரை ஃப்ரையர் அதே கிலோவை இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து முடிக்கும். மணிக்கு 23 கிலோ வரும். தொட்டிச் சுவர் வழியாகவும் காற்றிலும் போகிற சூட்டை நான் கழிக்கவில்லை. ஆகவே 3 கிலோவாட் தொட்டி ஒன்று மணிக்கு 12 கிலோ பொரிக்கும் என்று விற்பனைத் தாள் சொன்னால், உறைந்த பொருளை வைத்துச் சொன்ன கணக்கு அது இல்லை.

சரி, அப்படியானால் இரட்டைத் தொட்டி வீணா? இல்லை. மீனைப் பொரித்த எண்ணெயில் அடுத்து எதைப் போட்டாலும் மீன் வாடை வரும். மாவு தோய்த்த பண்டமும் மாவே ஆகாத வாடிக்கையாளரும் இருக்கிற இடத்தில் தனித் தொட்டி கட்டாயம்; ஒவ்வாமை விஷயத்தில் சமாளிப்பு எடுபடாது. ஆள் வராத மதியப்பொழுதில் ஒரு தொட்டியை அணைத்துப் போடலாம் என்பதும் சின்ன லாபமில்லை, சும்மா காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெயும் கெட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இனி மின்சாரம். 230 வோல்ட் வரும் இடத்தில் 3 கிலோவாட் தொட்டி ஒன்று 13 ஆம்பியர் இழுக்கும். இரண்டும் சேர்ந்து 26. இரண்டையும் ஒரே சாக்கெட்டில் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளக் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகும் வாடை வந்த பிறகுதான் எலக்ட்ரீஷியனைத் தேடுவார்கள். தொட்டிக்கு ஒரு தனி லைன் இழுத்தாக வேண்டும். 9 கிலோவாட் தரை ஃப்ரையருக்கு மும்முனை இணைப்பு வேண்டும். அதில் 400 வோல்ட்டில் முனைக்கு 13 ஆம்பியர்தான், ஒயருக்குப் பாரமே இல்லை. ஆனால் கடையில் மும்முனை இல்லையென்றால் இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: வோல்ட்டேஜ் குறைந்தால் வாட் அதைவிட வேகமாகக் குறையும். 230 வோல்ட்டுக்குச் செய்த எலிமென்ட் (எண்ணெயைச் சூடாக்கும் கம்பி) 200 வோல்ட்டில் 76 விழுக்காடு சூடுதான் தரும். அதாவது உங்கள் 3 கிலோவாட் தொட்டி மாலை நெரிசலில் 2.3 கிலோவாட் தொட்டியாக நிற்கும். ஏற்கெனவே இழுத்துப் பிடித்து ஓடுகிற மேசை ஃப்ரையருக்கு இது தாங்காது.

எரிவாயு ஃப்ரையரை இந்தப் பேச்சிலேயே நான் சேர்க்கவில்லை. ஒரு கணக்கு மட்டும்: ஆற்றல் சிக்கனத்துக்கு அமெரிக்கா தரும் எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கு வழக்கமான அளவு மின்சார ஃப்ரையர் 83 விழுக்காடு திறன் காட்ட வேண்டும், எரிவாயுவுக்கு 50 போதும். மீதிச் சூடு புகைக்குழாயோடு போய்விடும். எரிபொருள் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் அதுவும் கட்டுப்படியாகும் என்பது வேறு கதை.

இரவில் கழுவும்போதுதான் இரண்டின் குணமும் தெரியும். மேசை ஃப்ரையரில் பெரும்பாலும் எலிமென்ட் அடித்தட்டை ஒட்டியே கிடக்கும். உதிர்ந்த மாவுத்தூள் அதன்மேல் உட்கார்ந்து கருகும், அந்தக் கருகல் எண்ணெயைச் சீக்கிரம் கறுப்பாக்கும். நல்ல தரை ஃப்ரையரில் எலிமென்ட்டுக்குக் கீழே சூடு குறைந்த ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். தூள் அங்கே இறங்கிக் கருகாமல் கிடக்கும். மாவு தோய்த்த பண்டம் அதிகம் போகிற கடைக்கு இந்தப் பள்ளம் ஒன்றே போதும், எண்ணெய்ச் செலவில் காசு திரும்பி வரும். வடிகுழாயின் வாயையும் பாருங்கள். கட்டைவிரல் நுழையாத குழாய் என்றால் தினமும் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் இருந்த ஒரு சமையலறையில் அந்தக் கம்பிக்கென்றே சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தோம். எலிமென்ட்டை மேலே தூக்கி நிறுத்துகிற வசதி இருந்தால் தேய்க்கிறவர் உங்களை வாழ்த்துவார். ஆனால் எண்ணெய் இல்லாமல் அதை ஒருபோதும் போடக்கூடாது. வெற்று எலிமென்ட்டில் ஒட்டிய பிசுக்கு தீப்பிடிக்கும்.

அதிச்சூட்டுத் தடுப்பு இரண்டிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானால், பொதுவாக 230 டிகிரிக்குப் பக்கத்தில் தானாக அணைத்துவிடும் பாகம் அது. கையால் மீட்டும்வரை திரும்ப ஓடாத வகையே நல்லது.

நான் எடுப்பதென்றால், பொரியல்தான் கடையின் முக்கிய வியாபாரம், மும்முனையும் இருக்கிறது என்றால் தரை ஃப்ரையர். மீனுக்கென்று ஓரமாக ஒரு சின்ன மேசைத் தொட்டி. பொரியல் பக்க உணவு மட்டும்தான் என்றால் இரட்டைத் தொட்டி, ஆனால் ஈட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் போடாமல்.

முன்பணம் கொடுக்குமுன் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்று கிலோ உறைந்த துண்டுகளும் ஒரு எண்ணெய் வெப்பமானியும் நீங்களே கொண்டுபோங்கள். வாங்கப்போவது தரை ஃப்ரையரானால் ஈட்டுக்கு ஒரு கிலோ, மேசைத் தொட்டியானால் அரைக் கிலோ. இடைவெளி விடாமல் மூன்று ஈடு, ஒவ்வொன்றும் ஒரே அளவு நேரம். முதல் ஈட்டையும் மூன்றாவது ஈட்டையும் ஒரே தட்டில் கொட்டி நிறத்தைப் பாருங்கள்.