மூன்று மீட்டர் குறி: ஹீலியாஸ் 44-2 லென்ஸுடன் ஏழு ஆண்டுகள்

என்னுடைய சோனி ஏ7 மார்க் 2 கேமராவில் கடந்த ஏழு ஆண்டுகளாக அதிக நாட்கள் மாட்டியிருந்தது, சோவியத் ஒன்றியத்தில் தயாரான ஹீலியாஸ் 44-2 என்னும் 58 மி.மீ. லென்ஸ். கார்ல் ஜைஸ் ஜெனா நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸ் அமைப்பைப் பின்பற்றி, நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகளுடன், ஜெனித் கேமராக்களுக்காகப் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டது என்பதால் இன்றும் பழைய பொருள் சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. என்னிடம் உள்ளதன் வரிசை எண் 78 என்று தொடங்குகிறது. இவ்வகை லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும். பின்னணி சுழன்று தெரியும் அந்தப் புகழ்பெற்ற தோற்றத்துக்காகத்தான் இதை வாங்கினேன். ஆனால் இன்றுவரை விற்காமல் வைத்திருப்பது, எந்தத் தூரம் தெளிவாக விழ வேண்டும் என்பதைக் கையால் திருப்பி அமைக்கும் இதன் ஃபோக்கஸ் வளையத்துக்காக.

சுழலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்து ஆலமரத்தின்கீழ் ஒருவரை நிறுத்தி, இலைகளின் இடைவெளி வழியே வானம் தெரியுமாறு, ஒளி புகும் துளையான அப்பர்ச்சரை 2-இல் முழுதாகத் திறந்து வைத்தால், படத்தின் நடுவில் வெளிச்சப் புள்ளிகள் வட்டமாகவும், ஓரங்களில் பூனையின் கண்போல் ஒடுங்கியும் விழும். ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் குழாயே ஓரளவு மறைத்துவிடுவதால் அப்படி ஒடுங்குகின்றன. அவை நடுவைச் சுற்றி வரிசையாக அமைவதால் சுழல்வதுபோல் தோன்றுகிறது. பின்னணியில் சிறு சிறு வெளிச்சங்கள் வேண்டும், ஆளுக்கும் மரத்துக்கும் சரியான இடைவெளியும் வேண்டும். வெள்ளைச் சுவரின் முன்னால் எதுவும் சுழலாது. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடுவதால் இந்த விளைவு பெருமளவு குறைந்துவிடும். முதல் ஆறு மாதங்களில் பார்த்த இலையெல்லாம் சுழல எடுத்தேன். பிறகு அந்த ஆசை தணிந்தது.

வளையத்தின் அருமையை எனக்குக் காட்டியது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். விடியுமுன் அங்கு மல்லிகை மூட்டைகள் பிரிக்கப்படும்போது, குழல் விளக்கின் கீழ் ஆட்கள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார்கள். தானியங்கி ஃபோக்கஸ் லென்ஸோ நான் பார்க்கும் முகத்தை விட்டுவிட்டு, குறுக்கே போகும் தோளைப் பிடித்துக்கொள்ளும். ஹீலியாஸில் அப்பர்ச்சரை 8-க்குச் சுருக்கி வைத்து, வளையத்தை 3 மீட்டர் குறியில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றே முக்கால் மீட்டர் வரை உள்ளதெல்லாம் தெளிவாக விழும். அதன்பின் நான் ஃபோக்கஸ் செய்வதில்லை. நடந்து அந்தத் தூரத்துக்குள் வருகிறேன். மூன்று மீட்டர் என்பது எத்தனை எட்டு என்பது இரண்டே மாதங்களில் காலுக்குப் பழகிவிட்டது.

பூக்கட்டும் விரல்களை எடுக்கும்போது இதற்கு நேர்மாறான வேலை. அரை மீட்டர் தூரத்தில், அப்பர்ச்சர் 2-இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நாரை முடிச்சிடும் கட்டைவிரல் தெளிவாக இருந்தால் அதன் பின்னாலுள்ள மொட்டு கரைந்திருக்கும். வளையத்தை மிகச் சிறிதளவு திருப்ப வேண்டிய அந்த இடத்தில், நீண்ட சுற்றும் கிரீஸின் மெல்லிய பிடிப்பும் கைக்குத் தரும் கட்டுப்பாடு, மோட்டாரைச் சார்ந்த இன்றைய லென்ஸ்களின் வளையத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒருமுறை பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா, "என்ன தம்பி, இம்புட்டு நேரமா அதத் திருகிக்கிட்டே இருக்க?" என்று கேட்டார். பின்புறத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். தன் நகத்தில் ஒட்டியிருந்த வாழைநாரின் இழையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டத் தொடங்கினார்.

ஃபோக்கஸ் பீக்கிங் வசதியை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விளிம்புகளில் நிறம் பூசிக் காட்டும் அது, அப்பர்ச்சர் 5.6-க்கு மேல் போதுமானது. 2-இல் கண்ணிமைக்கும் மூக்கு நுனிக்கும் ஒன்றாகவே நிறம் பூசும். அங்கே வ்யூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் ஒரே வழி. பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது என்பதால், கேமராவின் அமைப்பில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை இயக்க வேண்டும். நடுக்கம் தடுக்கும் வசதிக்கு லென்ஸின் குவியத் தூரத்தையும் நாமே கொடுக்க வேண்டும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹீலியாஸ் போன்ற எம்42 திருகு லென்ஸ்களுக்கு, லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து சென்சார் வரை தேவையான தூரம் 45.46 மி.மீ., நிக்கானில் அந்தத் தூரமோ 46.5 மி.மீ.; ஆகவே திருத்தக் கண்ணாடி இல்லாத அடாப்டரில் (இணைப்பு வளையத்தில்) தொலைவிலுள்ள எதுவும் தெளிவாக விழாது. சோனியில் அது 18 மி.மீ. மட்டுமே என்பதால் இடையில் வெறும் உலோகக் குழாய் போதும்.

குறைகளும் உண்டு. மாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மைய மண்டபத்தைச் சூரியனுக்கு எதிராக எடுத்தால், கண்ணாடியின் பழைய பூச்சு தாங்காமல் படம் முழுவதும் வெண்மை படர்ந்து, கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். லென்ஸின் முன்னுள்ள 49 மி.மீ. மறையில், ஒளியை மறைக்கும் ஒரு ஹுட் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். சூரியனே சட்டகத்துக்குள் இருந்தால் தீராது. அலங்காநல்லூரில் வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளைக்கு இதைக் கொண்டுபோவதில்லை.

எல்லாவற்றையும்விட நான் வருந்தியது பூஞ்சைக்காக. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் லென்ஸை அதன் பழைய தோல் உறையிலேயே போட்டு மர பீரோவில் வைத்திருந்தேன். தையில் எடுத்துப் பின்பக்கமாக டார்ச் அடித்தபோது, உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்கு உணவுமாகும் என்பதை அதன்பிறகே அறிந்தேன். சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் இழைகளை நீக்கிவிட்டார்கள். ஆனால் வளையத்துக்கு அளவுமீறி எண்ணெய் விட்டதில், அடுத்த கோடையில் அது கசிந்து அப்பர்ச்சர் இதழ்களில் படிந்தது. மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடியின் பூச்சில் பூஞ்சை அரித்த தடம் இன்றும் மங்கலாக இருக்கிறது; படத்தில் தெரிவதில்லை, எனக்குத் தெரியும்.

இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன். சிலிகா ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடச் சொல்வார்கள். தவிடும் தூசியும் லென்ஸுக்குள் போகும், வேண்டாம். மழை ஈரத்திலிருந்து காப்பதைவிட முக்கியம், லென்ஸை மாதக்கணக்கில் மூடி வைக்காமல் வாரம் ஒருமுறையாவது வெளியே எடுப்பது.

வெயிலால் நன்மையும் கண்டேன். தோரியம் கலந்த கண்ணாடியால் மஞ்சளாகிப்போன சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று கைக்கு வந்தபோது, பின்புறம் அலுமினியத் தாள் சுற்றி மொட்டை மாடியில் காலை எட்டு மணி வெயிலில் வைத்து, பத்து மணிக்கு முன் எடுத்துவிடுவேன். புற ஊதாக் கதிர்பட்டு, மூன்று வாரத்தில் தேநீர் நிறம் பெரும்பாலும் வெளிறிவிட்டது. உச்சி வெயில் கூடாது. சூடேறினால் கிரீஸ் உருகி இதழ்களுக்கு வரும். ஹீலியாஸில் ஒருமுறை பட்டது போதும்.

மார்கழி விடியலில் ஹீலியாஸின் வளையம் சற்று இறுகும். மார்க்கெட்டுக்குப் புறப்படுமுன் உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பிடித்திருந்து, முழுச் சுற்றையும் இரண்டு முறை திருப்பிவிட்டு, 3 மீட்டர் குறியில் நிறுத்திக்கொண்டு வண்டியை எடுக்கிறேன்.