இயல்பு வரம்பு கணிக்கும் மென்பொருள்: ஆறு மாதப் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் இயல்பு வரம்புகளை, அதாவது நலமானவர்களில் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் மதிப்புகள் அடங்கும் எல்லைகளை, கணிப்பதற்கென வாங்கிய புள்ளியியல் மென்பொருளை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கூட்டல் கழித்தலில் அது பிழை செய்வதில்லை. எந்த முறையில் கணக்கிடுவது என்பதை நம்மைக் கேட்காமலே முடிவு செய்துகொள்வதுதான் என் குறை.

கல்லீரல் நொதியான ஏ.எல்.டி.க்காக நலமுடன் இருந்த 120 பேரின் முடிவுகளை முதலில் உள்ளிட்டேன். திரையில் தோன்றிய கீழ் எல்லை மைனஸ் 3. இரத்தத்தில் எந்த நொதியும் சுழியத்துக்குக் கீழே போவதில்லை. அமைப்புகளைத் துழாவியபோது, சராசரியிலிருந்து இருபுறமும் 1.96 திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்னும் அளவு) என்ற வாய்பாடு ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அது மணி வடிவில் இருபுறமும் சமமாக அமையும் இயல்நிலைப் பரவலுக்கே பொருந்தும், ஏ.எல்.டி., இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு போன்றவற்றின் பரவலோ வலப்பக்கம் வால் நீண்டு கிடக்கும்.

ஆகவே, மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி 2.5, 97.5 ஆகிய நூற்றுமானங்களை (அத்தனை விழுக்காடு மதிப்புகள் தமக்குக் கீழே அமையும் புள்ளிகளை) எடுக்கும் முறைக்கு மாற்றினேன். 120 பேர் என்றால் கீழிருந்து 3ஆவது மதிப்பும் 118ஆவது மதிப்பும்தான் எல்லைகள் என்பதால், ஒரு தாளில் எழுதியே சரிபார்த்துவிடலாம். கீழ் எல்லை ஏறத்தாழ ஒத்துப்போனது. மேல் எல்லை ஒத்துப்போகவில்லை. திரையின் அடியில், பொடி எழுத்தில், 'மாதிரிகள்: 115' என்றிருந்தது. நடுப் பாதி மதிப்புகள் பரந்திருக்கும் அகலமே கால்மான இடைவெளி; அந்தப் பாதியின் விளிம்பிலிருந்து அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் கிடந்த ஐந்து மதிப்புகளைப் பிறழ்வு என்று கருதி அது சொல்லாமலே நீக்கியிருக்கிறது. வால் நீண்ட பரவலில், மடக்கை எடுத்துச் சமன் செய்வதற்கு முன்பே இந்த விதியைப் போட்டால் நலமானவர்களின் மதிப்புகளே வெட்டுப்படும். மேல் எல்லை இறங்கும். நாளை நோயற்ற ஒருவரின் அறிக்கையில் 'அதிகம்' என்று அச்சாகும்.

எல்லைகளின் நம்பிக்கை இடைவெளியும் (உண்மையான எல்லை எதற்குள் இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் வீச்சு) அச்சில் வருவதில்லை. 120 பேரை வைத்தும் கீழ் எல்லையின் 90 விழுக்காடு இடைவெளி 1ஆவது மதிப்பிலிருந்து 7ஆவது மதிப்புவரை பரந்திருக்கும்போது, இதை மறைத்து ஒற்றை எண்ணைத் தருவது முறையன்று. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதமான ஃபெரிட்டினுக்கு ஆண், பெண் எனப் பிரித்துக் கணிப்பதில் குறை காணவில்லை.

கருவி நிறுவனம் தந்த வரம்பு நமக்குப் பொருந்துமா என்று 20 பேரைக் கொண்டு சோதிக்கும் பகுதிதான் இதில் மிகச் சிறந்தது: இருவருக்கு மேல் வெளியே விழாவிட்டால் வரம்பை ஏற்கலாம் என்று தெளிவாகக் காட்டுகிறது. மூவர் விழுந்தால் மட்டும், புதிதாக 20 பேரைச் சேர்க்கச் சொல்லாமல், அதே 20 பேரை வைத்து 'மீண்டும் முயல்க' என்கிறது. அந்தப் பொத்தானை நான் அழுத்துவதில்லை.