வீடு மாற்ற வாங்கிய பிளாஸ்டிக் கிரேட்டுகள்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

என் கணவருக்கு அரசு வங்கியில் வேலை. சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல் ஆணை வந்துவிடும். மதுரையில் இருந்து சென்னை, சென்னைக்குள்ளேயே வீடு மாற்றம், அங்கிருந்து கோவை என்று நாங்கள் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில், ஒரு பொருளைப் பற்றி மட்டும் விரிவாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. 2015 வாக்கில் பாரிமுனையில் மொத்தமாக வாங்கிய பிளாஸ்டிக் கிரேட்டுகள்தான் அது. கடையில் டிரே என்று கேட்டாலும் தருவார்கள். கோயம்பேட்டுக்குத் தக்காளி வந்து இறங்குவது இந்த வகைப் பெட்டிகளில்தான்.

வீடு மாற்றுகிற அலுப்பில் உடம்பு வலி இரண்டு நாளில் போய்விடும். போகாதது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் கேள்விகள். ரத்த அழுத்த மாத்திரை எந்தப் பெட்டியில்? பிள்ளையின் ஸ்கூல் ஷூ வண்டியில் ஏறியதா? பெட்டி மொத்தம் எத்தனை, வந்து இறங்கியது எத்தனை? இதைத்தான் நான் பதற்றம் என்கிறேன். இந்தப் பதற்றத்தைக் குறைக்க எத்தனையோ யோசனை சொல்வார்கள். எங்கள் வீட்டில் நிஜமாகவே குறைத்தது ஒரே அளவுப் பெட்டிகளும் அவற்றின் மேல் எழுதிய நம்பர்களும்தான்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பவை 600 மி.மீ. நீளம், 400 மி.மீ. அகலம், கிட்டத்தட்ட ஒரு அடி உயரம் உள்ளவை. பாதி ஓட்டை வைத்தவை, பாதி நாலு பக்கமும் மூடியவை. அடிப்பரப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வாங்கும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒன்றின் அடி இன்னொன்றின் விளிம்பில் போய் உட்காரும். வண்டி குலுங்கினாலும் அடுக்கு சரியாது. முதல் தடவை குட்டி யானையில் ஏற்றிய லோடுமேன், "அக்கா, எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கு, கயிறுகூட வேண்டாம்" என்றார். கயிறு கட்டத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்னதன் அர்த்தம் ஏற்றி முடித்த வேகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

அதற்கு முன்பெல்லாம் அட்டைப்பெட்டிதான். மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கிய பிஸ்கட் பெட்டி, டிவி வந்த பெட்டி, எண்ணெய் பாக்கெட் பெட்டி என்று ஒவ்வொன்றும் ஒரு அளவு. சென்னையின் ஈரக் காற்றுக்கு அட்டை நமுத்துப்போய், தூக்கும்போது அடி பிளந்துகொள்ளும். இன்னொரு தொல்லையைப் பலர் யோசிப்பதில்லை. கடையில் கிடந்த அட்டையின் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு கரப்பான்பூச்சியும் புது வீட்டுக்குக் கூடவே வந்துவிடும். பரணில் பிரிக்காமல் விட்ட பெட்டியைக் கரையான் தேடி வரும். பிளாஸ்டிக்கில் கரையானுக்கு வேலை இல்லை. வெந்நீர் ஊற்றித் தேய்த்து நிழலில் காயவைத்தால் அடுத்த முறைக்கு ரெடி.

நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கிரேட்டின் இரண்டு பக்கமும் பெயின்ட் மார்க்கரால் ஒரு எண் எழுதியிருக்கிறோம். அந்த எண் அந்தப் பெட்டிக்கு நிரந்தரம். உள்ளே இருக்கும் சாமான்தான் மாறும். ஒரு சின்ன நோட்டில் எண்ணுக்கு ஒரு பக்கம். மூடுவதற்கு முன் மேலிருந்து ஒரு போட்டோ, அப்புறம் நோட்டில் இரண்டு வரி. 'சமையலறை' என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. எல்லாப் பெட்டியிலும் ஏதாவது ஒரு சமையலறைச் சாமான் இருக்கும். 'மிக்ஸி ஜார் மூன்று, அஞ்சறைப்பெட்டி, தாளிக்கும் கரண்டி' என்று எழுதினால்தான் தேடும்போது கைகொடுக்கும். இறக்கும்போது பிள்ளைகளை வாசலில் நிறுத்தி எண்களை டிக் அடிக்கச் சொல்வோம். சாமான் குறைந்ததா என்ற சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

1ஆம் நம்பர் கிரேட் மட்டும் எப்போதும் எங்களோடு காரிலோ ஆட்டோவிலோ வரும், லாரியில் ஏறாது. பால் காய்ச்சும் பாத்திரம், லைட்டர், உப்பு, மஞ்சள், கொஞ்சம் அரிசி பருப்பு, காமாட்சி விளக்கு, காபி ஃபில்டர், மாத்திரைகள், சார்ஜர், ஸ்குரூடிரைவர், கத்தரிக்கோல், ஆளுக்கு ஒரு செட் துணி. புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் விளக்கும் எடுத்துப் போக வேண்டும் என்று அத்தை சொல்லும் வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் ராத்திரி எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஒரு வாய் சாப்பாட்டுக்கு வழி இருக்கும்.

பால் காய்ச்சுவதையும் சாமான் ஏற்றுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடி போக மாட்டார்கள். அதனால் ஆவணி, தை பிறந்ததும் முதல் முகூர்த்த நாளில் ஊரே வண்டி தேடும். வாடகை ஏறும், ஆள் கிடைக்காது. நல்ல நாளில் விடிகாலை போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுவோம். சாமானை அதற்கு அடுத்த வாரம் ஒரு சாதாரண நாளில் கொண்டு போவோம். இடைப்பட்ட நாட்களில் கிரேட்டுகளை ஒவ்வொரு அறையாக நிரப்பலாம். அடுக்குமாடியாக இருந்தால் லிஃப்டில் சாமான் ஏற்ற எந்த நேரம் அனுமதி, அதற்குக் கட்டணம் உண்டா என்று அசோசியேஷனில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நாங்கள் வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் இருந்தோம். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தபோதே ஆரம்பித்தோம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது, புத்தக அலமாரியின் அடி வரிசை, பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கிரேட்டில் போட்டு மாடிப்படியில் அடுக்கினோம். எதிர்வீட்டுப் பையன்கள் வந்து கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருப்பதால் இருட்டில்கூட வாங்கிக் கொடுக்க முடிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, மெத்தையும் சோபாவும் போயின, ஆனால் ஒரு காகிதம் நனையவில்லை. இந்தப் பெட்டிகள் மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு அந்த ராத்திரிதான் காரணம். அடுத்த கோடையில் மாடி வீடு பார்த்துக்கொண்டு மடிப்பாக்கம் போனோம்.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை, காலியாக இருக்கும்போது இடத்தை அடைக்கும். நேர்ச்சுவர் கொண்ட கிரேட் ஒன்றுக்குள் ஒன்று போகாது. அதற்காக மடக்கும் வகையில் சிலதை வாங்கிப் பார்த்தோம். கனம் வைத்துத் தூக்கத் தூக்க மூட்டுகள் தளர்ந்து, இப்போது வெங்காயம் உருளைக்கிழங்கு போட மட்டுமே ஆகின்றன. எங்களுக்கு ஒத்துவந்த வழி, கிரேட்டுகளைக் காலியாகவே விடாமல் இருப்பது. கொலு பொம்மைகள் பழைய பருத்திப் புடவைத் துண்டுகளில் சுற்றி, வருஷம் முழுக்க அவற்றிலேயே பரணில் இருக்கின்றன. பெரிய விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பித்தளைப் பாத்திரங்களும் அப்படித்தான். மாற்றல் வரும்போது வீட்டில் ஒரு பங்கு ஏற்கெனவே கட்டி முடிந்த நிலையில் இருக்கிறது என்பது பெரிய நிம்மதி.

இரண்டாவது, மொட்டை மாடி வெயில். வெயிலில் கிடந்தவை நிறம் வெளுத்து, மூலைகளில் விரிந்துவிட்டன. வீட்டுக்குள் இருந்தவை இன்றும் புதிது போலத்தான் இருக்கின்றன. மூன்றாவது, கனம். விளிம்பு வரை புத்தகம் அடுக்கினால் ஒரு ஆள் தூக்க முடியாது. கீழே அரைப் பங்கு புத்தகம், மேலே தலையணை உறை, துண்டு என்று நிரப்பினால் தூக்குகிறவர் முதுகு தப்பும். மூடியைத் தனியாக விலை கொடுத்து வாங்கியது அவ்வளவு உபயோகப்படவில்லை. மேலே ஒரு போர்வையைச் செருகிவிட்டு ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றினாலே போதும்.

கிரேட்டால் ஆகாத வேலைகளும் உண்டு. ஃபிரிட்ஜை நிமிர்த்தியேதான் கொண்டு போக வேண்டும். இறக்கியதும் சில மணி நேரம் விட்டுத்தான் ஸ்விட்ச் போட வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள் வாங்கும்போதே கொடுப்பார்கள். அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, கிளம்பும் முன் மாட்ட வேண்டும். கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றுங்கள். கேஸ் இணைப்பு, அதே ஊருக்குள் மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கூடவே கொண்டு போகலாம். வேறு ஊர் என்றால் ஏஜென்சியில் இரண்டையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, அவர்கள் தரும் வவுச்சரைப் புது ஊரில் கொடுக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும் அன்று மின் மீட்டரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அட்வான்ஸ் கணக்கில் தகராறு வராது.

கோவைக்கு வந்தபோது, 500 கி.மீ. தூரம் என்பதால், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வைத்தோம். சாமான் வந்து இறங்க வேண்டிய நேரத்தில், "பேசியதைவிட லோடு அதிகம், இன்னும் பணம் கொடுத்தால்தான் இறக்குவோம்" என்றார் அவர்கள் ஆள். இப்படி நடுவாசலில் நிறுத்திப் பேரம் பேசுவது பலருக்கும் நடந்திருக்கிறது, கோபம் வரும்படியான பழக்கம். கிரேட் இத்தனை, அளவு இது, கட்டில் பீரோ இன்னது என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்ததால் எங்களால் தைரியமாக நிற்க முடிந்தது. கையெழுத்தான கொட்டேஷனையும் எங்கள் நம்பர் நோட்டையும் காட்டினோம், இறக்கினார்கள். அட்டைப்பெட்டியாக இருந்திருந்தால் எதை வைத்து வாதாடுவது?

வாங்கலாமா என்று கேட்டால், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் மாற்றல் வேலையில் இருப்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன், வாங்குங்கள். சொந்த வீட்டுக்கு ஒரே ஒரு முறை போகிறவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை, தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள். காய்கறி மொத்தக் கடைகளில் பழைய கிரேட்டுகளும் சல்லிசாகக் கிடைக்கும். வாங்கும் முன் கவிழ்த்து, அடி மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மீன் ஏற்றியது மட்டும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் துணியில் அந்த வாடை ஏறிவிடும்.