எண்ணா, முகமா: கேஷுவாலிட்டியில் வலியை அளப்பது எப்படி?

ராத்திரி பத்து மணி. கேஷுவாலிட்டியில் நிற்க இடமில்லை. கீழே விழுந்து இடுப்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் பாட்டியிடம் செவிலியர் கேட்கிறார்: "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க பாட்டி?"

"உயிர் போகுது கண்ணு."

இதைக் கேஸ் ஷீட்டில் எந்த எண்ணாக எழுதுவது?

பூஜ்யம் முதல் 10 வரை எண் கேட்கும் முறைக்கு அட்டை வேண்டாம், சில நொடி போதும். பெரிய லாபம் அப்புறம்தான் தெரியும். ஊசி போடுமுன் 8, அரை மணி கழித்து 4 என்று எழுதி வைத்தால், அடுத்த ஷிஃப்டுக்கு வருபவருக்கு மருந்து கேட்டதா இல்லையா என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். எழுதினால்தான், சரியா!

வாங்-பேக்கர் முக அட்டையில் சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள். 0, 2, 4 என்று இரண்டிரண்டாக ஏறும். மூன்று வயதுக் குழந்தைகூட விரல் வைத்துக் காட்டும். ஆனால் ஊசியைப் பார்த்து மிரண்ட பிள்ளை நேரே அழுமூஞ்சியைத் தொடும். அழுதால்தான் 10 என்றில்லை என்பதையும் விளக்கியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் யாருக்கு நேரம்? தவிர, தேடும்போது அட்டை எப்போதும் அடுத்த வார்டில்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு என் ஓட்டு எண்ணுக்குத்தான். குழந்தைகளிடமும் இந்தப் பாட்டியிடமும் முகங்களை நீட்டுவேன். நினைவில்லாமல் கிடப்பவரிடம் இரண்டுமே செல்லாது. அங்கே நெற்றிச் சுளிப்பையும் முனகலையும்தான் பார்க்க வேண்டும்.