வரலாற்றுக் குறிப்பேடு: ஆண்டு வரிசையா, தலைப்பு வாரியா?

மேல்நிலை வகுப்பில் வரலாறு எடுத்தவர்கள் குறிப்பெடுப்பதில் இரண்டு கட்சி. ஆண்டு வரிசையில் எழுதிக்கொண்டே போகிறவர்கள் ஒரு கட்சி. அரசியல், பொருளாதாரம், சமூகம் என்று தலைப்பு போட்டுப் பிரிக்கிறவர்கள் மறு கட்சி. நெடுவினாக்கள் ‘ஏன்’, ‘எந்த அளவுக்கு’ என்று கேட்கத் தொடங்கியதும் இரண்டின் பலமும் ஓட்டையும் வெளியே வந்துவிடும்.

ஆண்டு வரிசைக்குப் பாடத்துக்கு ஒரு தாள் போதும். மூன்று கட்டங்களாகக் கோடு போட்டு, தேதி, நடந்தது, அதனால் மாறியது என்று நிரப்ப வேண்டும். மூன்றாவது கட்டம்தான் உயிர். பலரும் காலியாக விடுவதும் அதைத்தான். பிரெஞ்சுப் புரட்சியில் 1789 ஜூன் 17 தேசிய சபை, ஜூலை 14 பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ச்சி, ஆகஸ்ட் 4 நிலமானியச் சலுகைகள் ஒழிப்பு என்று மட்டும் மனப்பாடம் செய்தவரிடம் ‘புரட்சி ஏன் வெடித்தது?’ என்று கேட்டால், மூன்றையும் கதையாக ஒப்பிப்பார். திருத்துபவர் தேடுவது காரணத்தை. ஜூன் 17க்கு எதிரே ‘குருமாரும் பிரபுக்களும் அல்லாத மூன்றாம் பிரிவினர் தாங்களே நாட்டின் பிரதிநிதிகள் என்று அறிவித்தனர், மன்னரின் முழு அதிகாரம் ஆட்டம் கண்டது’ என்று எழுதி வைத்திருந்தால், அந்தத் தேதியே வாதமாகிவிடும்.

தலைப்பு வாரிக் குறிப்பு நெடுவினாவுக்கு நேரே பொருந்தும். நான்கு தலைப்பு, தலைப்புக்கு மூன்று சான்று. விடையில் ஒவ்வொரு தலைப்பும் ஒரு பத்தி. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதில் ஏறிய அரசுக் கடனும், 1788இல் விளைச்சல் பொய்த்து உயர்ந்த ரொட்டி விலையும் ‘பொருளாதாரம்’ என்ற ஒரே கூரையின் கீழ் வந்து உட்காரும். முன்னது ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சுமை, பின்னது சில மாத நெருக்கடி. நீண்டகாலக் காரணம் எது, உடனடிக் காரணம் எது என்பது குறிப்பிலேயே மறைந்துபோகும். சான்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஆண்டைப் போட்டால் இது பாதி தீரும்.

மீதிப் பாதிக்கு முதல் உலகப் போரைப் பாருங்கள். ‘கூட்டணிகள்’ என்று தலைப்பு போட்டதுமே, ஒரு நாடு இறங்கினால் மற்றவை தானாக இழுபட்டன என்று விடை எழுதத் தோன்றும். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியுடன் 1882இல் கூட்டுச் சேர்ந்த இத்தாலி, 1914 ஆகஸ்டில் நடுநிலை வகித்தது. 1915 மே மாதம் எதிரணியில் நின்று போரில் இறங்கியது. தேதித் தாள் இன்னொன்றையும் காட்டும். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சரயேவோவில் கொல்லப்பட்டது 1914 ஜூன் 28. செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை ஜூலை 23. ஆஸ்திரியாவின் போர் அறிவிப்பு ஜூலை 28. ரஷ்யாவின் பொதுப் படைதிரட்டல் ஆணை ஜூலை 30. ரஷ்யா மீது ஜெர்மனியின் போர் அறிவிப்பு ஆகஸ்ட் 1. ஒரு மாதத்துக்கும் மேலாக ஆட்கள் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். ‘கூட்டணிகளே காரணமா?’ என்ற வினாவுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

ஒன்றுதான் வேண்டும் என்றால் தேர்வுக்குத் தலைப்பு வாரியே மேல். ஆனால் அதிலிருந்து தொடங்கக் கூடாது. பாடம் நடக்கும்போது தேதித் தாள். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த நிகழ்வுகளைத் தலைப்புகளுக்குள் பிரித்துப் போடுங்கள். எதிலும் அடங்காத நிகழ்வு ஒன்று மிஞ்சினால், ஒன்று அது அற்பம், இல்லை நீங்கள் ஒரு தலைப்பை விட்டுவிட்டீர்கள். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். ‘மாற்றமும் தொடர்ச்சியும்’ வகை வினாவுக்கு மட்டும் தேதித் தாளையே முன்னால் வையுங்கள்.

கடிதம், தந்தி, நினைவுக்குறிப்பு போன்ற மூலச்சான்றைத் தந்து கேட்கும் வினாவுக்கு இரண்டு குறிப்பும் நேரடியாக உதவாது. யார், எப்போது, யாருக்கு, எதற்காக எழுதினார் என்று கேட்டுப் பழக வேண்டும். அதிலும் ‘எப்போது’ என்பதற்குத் தேதித் தாள் கைகொடுக்கும்: ஓர் அமைச்சர் 1914 ஜூலையில் அனுப்பிய தந்தியையும், போரில் தோற்ற பிறகு அவரே எழுதிய நினைவுக்குறிப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது.