பழைய முத்து காமிக்ஸா, மறுபதிப்பா: எதை விற்பது?

ஒரே இரும்புக்கை மாயாவி கதை 1970களின் முத்து காமிக்ஸ் இதழாகவும் மறுபதிப்பாகவும் கையில் இருந்தால், பெரும்பாலும் விற்க வேண்டியது மறுபதிப்பைத்தான். படிக்க அதுவே சுகம்: தாள் வெள்ளை, அச்சு தெளிவு. ஆனால் அதைத் திரும்ப வாங்க வழியுண்டு. நல்ல நிலையிலுள்ள பழைய இதழ் போனால் போனதுதான்.

அதற்காக எல்லாப் பழசையும் கட்டிக்காக்க வேண்டாம். முதலில் பக்க எண்களை வரிசையாகச் சரிபாருங்கள். தாள்களைப் பிடித்திருக்கும் ஸ்டேபிள் பின் துருப்பிடித்தால் நடுத்தாள்தான் முதலில் கழன்று தொலையும். அட்டையும் பக்கங்களும் முழுசாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். செலோடேப் ஒட்டிய பிரதியின் மதிப்பு வெகுவாக இறங்கும். பசை காய்ந்து பழுப்புக் கறையாகும், உரித்தால் எழுத்தும் கூடவே வரும். அட்டையற்றதும் அப்படியே. அந்தப் பிரதிகளைக் குறையை மறைக்காமல் சொல்லி விற்றுவிட்டு, மறுபதிப்பை வைத்துக்கொள்ளலாம்.